தேரி முக்குளி: மணலைக் கேட்டு ஒரு விலங்கைச் செய்த அனுபவம்

பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக, உலகில் எங்கும் இல்லாத ஒரு வளைதோண்டி விலங்கைக் கற்பனை செய்து, அதன் உடலமைப்பையும் வாழ்க்கை முறையையும் தொட்டுப் பார்க்கக்கூடிய மாதிரியாகச் செய்துவைப்பது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேரும் ஓவிய ஆசிரியனாகிய நானும் மார்ச் மாதத்தில் தொடங்கிய வேலை, டிசம்பரில்தான் ஒரு நிலைக்கு வந்தது. இடையில் ஒரு மாதிரியை முழுதாகச் செய்து, முழுதாகக் கைவிட்டோம். கைவிட்டதற்கான காரணத்தையும், அதன்பிறகு செய்த சோதனைகளையும், ஒவ்வொரு சோதனையும் அந்த விலங்கின் உடம்பில் எந்த உறுப்பை எப்படி மாற்றியது என்பதையும், இதே போன்ற வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

முதல் மாதிரி காகிதக்கூழில் செய்தது. ஐரோப்பாவின் அகழெலியை மனதில் வைத்துக்கொண்டு, வெளிப்பக்கமாகத் திரும்பிய அகன்ற கைகள், நீண்ட நகங்கள், கூரான மூக்கு என்று பார்க்க நன்றாகவே வந்தது. அதற்கு ஒட்டுப்பலகையில் வளை அமைத்து, உறங்கும் அறை, தீனி சேமிக்கும் அறை, காற்று வந்துபோக இரண்டு வாசல்கள் எல்லாம் வைத்தோம். அமெரிக்கப் புல்வெளிகளின் பிரெய்ரி நாய்கள் தம் வளையின் ஒரு வாசலை மற்றதைவிட உயரமாகக் கட்டுவதால், மேட்டின் மேல் வேகமாக வீசும் காற்று உள்ளிருக்கும் காற்றை இழுத்து வளை முழுவதும் ஓட்டம் உண்டாக்குகிறது; அந்த ஏற்பாட்டையும் அப்படியே எடுத்துக்கொண்டோம். வர்ணம் காய்வதற்காக மாதிரியைத் தாழ்வாரத்தில் வைத்திருந்தபோது, பேரனை அழைத்துப்போக வந்திருந்த ஒரு பனையேறிப் பெரியவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார்வாள், உருவம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பொந்து எந்த ஊர்ல? நம்ம தேரியில ஒரு கை மண்ணு அள்ளிப் பாருங்க, அள்ளுனதவிட உள்ள விழுறது கூட இருக்கும்."

எங்கள் பள்ளி குதிரைமொழித் தேரியின் ஓரத்தில் இருக்கிறது. விலங்கு எங்கே வாழ்கிறது என்று எழுதிய அட்டையில் பிள்ளைகள் "தேரிக்காடு" என்றுதான் எழுதியிருந்தார்கள். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்தில் செக்கச் செவேலென்று விரிந்துகிடக்கும் இந்த மணல்மேடுகளைப் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தும், எங்கள் விலங்கை ஈரமான ஐரோப்பியத் தோட்டத்து மண்ணில் வாழவைத்துவிட்டோம். தேரியின் மணல்துகள்கள் இரும்பு ஆக்சைடு பூச்சால் சிவந்தவை; மேலே கிடக்கும் மணல் உலர்ந்து, தளர்ந்து, ஆடிக்காற்றில் இடம்விட்டு இடம் நகர்வது. அதில் சுவரும் கூரையுமாக ஒரு சுரங்கம் நிற்காது. பெரியவர் சொன்னதைக் கேட்ட பிறகு அந்த மாதிரியைக் கண்காட்சியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. விலங்கை வரைவதை நிறுத்திவிட்டு, மணல் எதை அனுமதிக்கும், எதை அனுமதிக்காது என்று முதலில் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு விலங்கைச் செய்வது என்று முடிவெடுத்தோம்.

தொடக்கம் கோயில் தாழ்வாரத்தில் கிடைத்தது. மழை படாத புழுதியில் குழிநரிப் பூச்சிகள் செய்துவைத்திருக்கும் கூம்புக் குழிகளைப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். ஒரு பெண் தன் கணிதப்பெட்டியிலிருந்து பாகைமானியை எடுத்து, குழியின் சரிவை அளந்துபார்த்தாள். பிறகு தேரி மணலைக் காயவைத்து, புனல் வழியாகத் தரையில் கொட்டி, அது தானாகக் குவியும் மேட்டின் சரிவையும் அளந்தாள். இரண்டும் 33, 34 பாகைக்குள் வந்தன. உலர்ந்த மணல் தன்னைத் தாங்கிக்கொண்டு நிற்கக்கூடிய அதிகபட்சச் சரிவு அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு துகள் சாய்ந்தாலும் சரிந்துவிடும் என்பதை நம்பித்தான் குழிநரி தன் குழியை அமைத்து, விளிம்பில் காலை வைக்கும் எறும்பு உருண்டு கீழே வருவதற்காகக் காத்திருக்கிறது. செங்குத்தான சுவரும் அதன்மேல் வளைந்த கூரையும் உடைய சுரங்கத்துக்கு அங்கே இடமே இல்லை.

அடுத்து, பழைய மீன்தொட்டி ஒன்றின் கண்ணாடிகளைப் பிரித்து, 3 அடி நீளமும் 2 அடி உயரமுமாக, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே 4 அங்குல இடைவெளி விட்டு ஒரு மணல்பெட்டி செய்தோம். ஓரங்களில் சிலிக்கான் பசை மட்டும் போதாது. மணலின் எடை கண்ணாடியை வெளியே தள்ளும் என்பதால், குறுக்கே இரண்டு இரும்புப் பட்டைகளையும் போல்ட்டுகளையும் கட்டாயம் போட வேண்டும். அதில் உலர்ந்த மணலை நிரப்பி, உள்ளே படுக்கவைத்திருந்த பிவிசி குழாயை மெல்ல உருவியபோது, குழாய் விட்ட இடத்தை மணல் அந்தக் கணமே மூடிக்கொண்டது. அதே மணலில் தண்ணீர் தெளித்துப் பிசிறிவிட்டு உருவியபோது வழவழப்பான ஒரு துளை நின்றது. துகள்களுக்கிடையே உள்ள மெல்லிய நீர்ப்படலத்தின் இழுப்புதான் அதைத் தாங்குகிறது. நான்காம் நாள் மேலடுக்கு காய்ந்ததும் கூரை உதிரத் தொடங்கி, ஆறாம் நாள் துளை காணாமல்போனது.

இந்த ஒரு சோதனையிலிருந்து விலங்கின் வாழ்க்கையே இரண்டாகப் பிரிந்தது. கோடையிலும் காற்றுக் காலத்திலும் அது வளை தோண்ட முடியாது. மணலுக்குள் நீந்தத்தான் முடியும். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஈரம் நிற்கும் சில மாதங்களில் மட்டுமே அதற்கு நிலையான வழிகளும் அறைகளும் கிடைக்கும். மணலுக்குள் மூழ்கி வேறோர் இடத்தில் எழும் விலங்கு என்பதால், குளத்து முக்குளிப்பானை நினைத்து, பிள்ளைகள் அதற்குத் "தேரி முக்குளி" என்று பெயர் வைத்தார்கள்.

மணலில் நீந்தும் பாலூட்டிகள் உண்மையிலேயே உண்டு. நமீபியாவின் பாலைவன மணலில் வாழும் நமீப் தங்க அகழெலியும், ஆஸ்திரேலியாவின் உட்பகுதி மணலில் வாழும் பைம்மா அகழெலியும் செல்லும் வழியில் சுரங்கம் எதுவும் மிஞ்சுவதில்லை. உடல் முன்னே போகப் போக மணல் பின்னே மூடிக்கொள்கிறது. ஒன்று ஆப்பிரிக்காவில் தோன்றியது, மற்றது வயிற்றுப்பையுடைய பரம்பரையைச் சேர்ந்தது. இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. ஆனாலும் இரண்டுக்கும் கண்கள் தோலுக்கடியில் மறைந்துவிட்டன, வெளிக்காது இல்லை, மூக்கின் மேல் தடித்த தோல், கைகளில் அளவுக்கு மீறி வளர்ந்த நகங்கள். ஒரே மணல் இரு வேறு பரம்பரைகளைப் பிடித்து ஒரே அச்சில் வார்த்திருக்கிறது. அகழெலியைப் பார்த்து அதன் உருவத்தை நகல் எடுப்பதைவிட, அந்த அச்சு எது என்று தேடுவதுதான் எங்கள் வேலை என்பது இதைப் படித்தபோது எனக்குத் தெளிவாயிற்று.

தலையின் வடிவத்தைச் சோதிக்கத் தச்சரிடம் சொல்லி, 4 செ.மீ. குறுக்களவில் மூன்று மரத்தலைகள் கடைந்துவாங்கினோம்: ஒன்று உருண்டை, ஒன்று கூம்பு, ஒன்று அடிப்பக்கம் தட்டையாகவும் மேல்பக்கம் சரிவாகவும் இருந்த ஆப்பு. பலகையில் செய்த நீண்ட தொட்டியில் 4 அங்குல ஆழத்தில் தலையைப் புதைத்து, முன்சுவரின் துளை வழியாக வந்த தூண்டில் நரம்பை 5 கிலோ வில்தராசில் மாட்டி, ஒரே வேகத்தில் இழுத்தோம். முதல் இரண்டு நாள் வந்த அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவே இல்லை. ஒரே உருண்டை காலையில் 2 கிலோ காட்டியது, மாலையில் 3 கிலோவைத் தாண்டியது. தராசு பழுதோ என்று நான் அதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் தொட்டியின்மேல் சாய்ந்து சாய்ந்து நிமிர்வதால் மணல் அதிர்ந்து இறுகிவிடுகிறது என்பதை ஒரு மாணவன்தான் கண்டுபிடித்தான். அதன்பிறகு ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் மணலை முள்கரண்டியால் அடிவரை கிளறி, அளவுகோலால் மட்டம் செய்து, யாரும் தொட்டியைத் தொடாமல் அளந்தோம். அளவுகள் அடங்கிவந்தன. மணலில் சோதனை செய்கிறவர்கள் இந்தக் கிளறலை ஒருநாளும் விடக்கூடாது.

உருண்டைக்கு 2 கிலோ 700 கிராம் அளவில் இழுவிசை தேவைப்பட்டது. கூம்பு 2 கிலோவில் நகர்ந்தது. ஆழத்தை இரு மடங்காக்கியபோது விசையும் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. ஆனால் எங்களை உட்காரவைத்து யோசிக்கவைத்தது வேறொன்று. பாதித் தூரத்தில் இழுப்பை நிறுத்தி, மேலிருந்து குச்சியைச் செருகி ஆழம் பார்த்தபோது, உருண்டை மேல்நோக்கி ஏறியிருந்தது. மேலே சரிவும் கீழே தட்டையும் கொண்ட ஆப்பு அப்படி ஏறவில்லை. சற்றுக் கீழே இறங்கியிருந்தது. அதையே தலைகீழாகத் திருப்பிப் புதைத்து இழுத்தால், படகின் முன்னணியம் அலைமேல் ஏறுவதுபோல மணலைக் கீழே அழுத்திக்கொண்டு மேலே வந்தது. ஆகவே முக்குளியின் தலை, நெற்றியில் சரிவும் தாடையில் தட்டையும் கொண்ட ஆப்பாக அமைந்தது. அமுங்க வேண்டுமானால் தலையை நேராக வைத்துக்கொண்டால் போதும். எழ வேண்டுமானால் முகத்தை நிமிர்த்த வேண்டும். அப்படி நிமிர்த்தும்போது மணலின் மொத்தப் பாரமும் கழுத்தில் விழும் என்பதால் கழுத்து உறுதியாக இருக்க வேண்டும். பைம்மா அகழெலிக்குக் கழுத்து முள்ளெலும்புகள் ஏழில் நடுவிலுள்ள ஐந்தும் ஒன்றாக இணைந்திருக்கின்றன. நாங்களும் முதுகெலும்புக்குக் கோத்திருந்த மணிகளில் கழுத்துப் பகுதியிலிருந்த ஐந்தை எடுத்துவிட்டு, அங்கே ஒரே துண்டுக் குழாயை மாட்டினோம். ஆழம் கூடக் கூட விசை கூடுவதால், இரை தேடும் வேலை எல்லாம் மேலுள்ள ஒரு சாண் மணலுக்குள்ளேயே நடக்கிறது என்றும், உடல் ஒல்லியாக, 18 செ.மீ. நீளத்துக்கு மிகாமல் இருக்கிறது என்றும் அட்டையில் எழுதினோம். பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வசதியாக மாதிரியை மட்டும் இரு மடங்கு பெரிதாகச் செய்தோம்.

கைகளுக்கு நகங்கள் சிரட்டையில் செய்தவை. முற்றிய தேங்காயின் சிரட்டையைத் துண்டாக்கி, அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்தால், இயல்பான வளைவோடு கொம்புபோல மினுங்கும் நகம் கிடைக்கிறது. ஐந்து விரல்களையும் இணைத்த துடுப்புக் கை, சிறு இடைவெளி விட்ட நகங்களுடைய கை, இரண்டே பெரிய நகங்கள் கொண்ட கை என்று மூன்றையும் மணலில் இழுத்துப்பார்த்தோம். நகங்களுக்கிடையே சிறு இடைவெளி இருந்தாலும் உலர்ந்த மணல் அதன் வழியே நழுவிப்போய்விடவில்லை. துகள்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு இடைவெளியை அடைத்துக்கொள்கின்றன. முழுத் துடுப்புக்குக் கிடைத்த பிடிப்பு ஏறக்குறைய அதற்கும் கிடைத்தது. இரண்டு பெரிய நகங்கள் உடைய கை இறுகிய மணலில் எளிதாக இறங்கியது. தளர்ந்த மணல், இறுகிய ஈரமணல் இரண்டிலும் வேலை செய்ய வேண்டிய விலங்கு என்பதால், மூன்றாம் நான்காம் விரல்களில் இரண்டு பெரிய நகங்களும், அவற்றை அடுத்து ஒட்டியபடி ஒரு சிறு நகமும் வைத்தோம். மேற்கை எலும்பைக் குட்டையாகவும் அகலமாகவும் செதுக்கினோம். தோள் தசைகள் பற்றிக்கொள்ள இடம் வேண்டும், நெம்புகோலின் நீளம் குறைந்தால்தான் விசை கூடும்.

காகிதக்கூழ் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். செய்தித்தாளை மூன்று நாள் ஊறவைத்து உரலில் இடித்து, வெந்தய விழுதும் காய்ச்சிய மைதாப் பசையும் சேர்த்துப் பிசைந்தோம். ஐப்பசி அடைமழையில் நான்கு நாள் வெயிலே இல்லாமல்போக, மாதிரியின் வயிற்றுப் பகுதி முழுவதும் கரும்பூஞ்சை பூத்துவிட்டது. கெட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, புதிய பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் கலந்து மறுபடி பூசினோம். மயில்துத்தம் நஞ்சு, அதைக் கலக்கும் வேலையைக் கையுறை போட்டுக்கொண்டு நானே செய்தேன், அந்தப் பாத்திரத்தைத் தனியாக ஒதுக்கிவைத்தேன். மழைக்காலத்தில் ஒரு விரல் கனத்துக்கு மேல் ஒரே நாளில் பூசாமல் இருந்தால் இந்தச் சிக்கல் பெருமளவு குறையும்.

கைகள் அசைய வேண்டும் என்பது பிள்ளைகளின் விருப்பம். குடைக்கம்பிகளை எலும்பாகவும், சைக்கிள் பிரேக் கம்பியைத் தசைநாராகவும் வைத்து, பெட்டிக்கு வெளியே ஒரு கைப்பிடியைச் சுழற்றினால் இரு கைகளும் மாறிமாறித் துழாவும்படி செய்தோம். மேசைமேல் அருமையாக ஓடியது. மணலுக்குள் புதைத்து இருபது சுற்று சுற்றியதும் கரகரவென்று சத்தம் வந்து நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு மூட்டிலும் சிவப்பு மணல். எண்ணெய் விட்டது நிலைமையை மேலும் கெடுத்தது. எண்ணெயும் மணலும் சேர்ந்து அரைக்கும் சாந்தாகிவிட்டது. கடைசியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி, ஒவ்வொரு மூட்டுக்கும் மடிப்பு மடிப்பாக உறை போட்டு, ஓரங்களை நூலால் இறுகக் கட்டியபிறகுதான் நிற்காமல் ஓடியது.

அந்த உறைகளைக் கட்டிக்கொண்டிருந்த மாலையில்தான் விலங்கின் தோலைப்பற்றிச் சரியாக யோசித்தோம். இயந்திரத்துக்குள் மணல் புகும் இடமெல்லாம் உயிருள்ள உடம்பிலும் மணல் புகும் இடமே. முக்குளிக்குக் கண் இமைகள் பிறவியிலேயே ஒட்டிப்போய், மேலே ரோமம் மூடியிருக்கிறது. காதுத் துளை ரோமத்துக்குள் மறைந்த ஒரு சிறு கீறல். மூக்குத் துளைகள், மூக்கின் மேல் கேடயமாக உள்ள தடித்த தோலின் அடியில், கீழ்நோக்கித் திறக்கின்றன; முன்னே தள்ளப்படும் மணல் நெற்றிவழியே மேலேறிப் போக, தாடைக்கும் மார்புக்கும் நடுவே சிறு வெற்றிடம் மிஞ்சுகிறது, அதிலிருந்து அது மூச்சை இழுக்கிறது. தளர்ந்த உலர்மணலின் கன அளவில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு வெற்றிடமே. ஓர் அளவுகுவளை மணலில் எவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறது என்று ஊற்றிப்பார்த்து இதைப் பிள்ளைகளே கண்டார்கள். ஆகவே மேல்மணலில் காற்றுக்குப் பஞ்சமில்லை. மழையில் நனைந்து வெற்றிடமெல்லாம் நீர் அடைத்துக்கொள்ளும் நேரம்தான் ஆபத்து. பெருமழை இரவில் முக்குளி மேலே வந்து பனையடியில் ஒதுங்குகிறது.

ரோமத்துக்கு வெல்வெட் துணி போர்த்தினோம். அகழெலி தன் சுரங்கத்தில் முன்னும் பின்னும் போக வேண்டியிருப்பதால் அதன் ரோமம் எந்தப் பக்கம் தடவினாலும் படிகிறது. முக்குளிக்குப் பின்னால் வழியே இல்லை, பின்வாங்கும் தேவையும் இல்லை. எனவே துணியின் படிவு தலையிலிருந்து பின்நோக்கி இருக்கும்படி வெட்டினோம். கையால் தடவிப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வேறுபாடு உடனே புரிந்துவிடுகிறது.

கண் இல்லாத விலங்கு இரையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நமீப் தங்க அகழெலியின் நடுக்காதில் சம்மட்டி எலும்பு அந்தச் சிறு உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரியது. தரை அதிரும்போது மண்டையோடும் சேர்ந்து அதிர, கனத்த எலும்பு தன் நிலைமத்தால் சற்றுப் பின்தங்குகிறது. அந்த வேறுபாட்டை உட்காது உணர்கிறது. அது இரவில் மணல்மேல் ஓடும்போது இடையிடையே நின்று தலையை மணலுக்குள் அமிழ்த்தி, காற்றில் அசையும் புல்திட்டுகளிலிருந்து வரும் அதிர்வைக் கேட்டு அந்தத் திசையில் போகிறது. அங்கேதான் கரையான்கள் இருக்கின்றன. இதை மாதிரியில் காட்ட, முக்குளியின் மண்டைக்குள் மெல்லிய எஃகுக் கம்பியில் ஒரு தூண்டில் ஈயக்குண்டைத் தொங்கவிட்டு, கம்பியைச் சுற்றி அரை மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு செம்புவளையம் வைத்தோம். கம்பி வளையத்தைத் தொட்டால் சுற்று இணைந்து, நெற்றியில் உள்ள சிறு எல்இடி மினுங்கும். இரண்டு பேனா டார்ச் பேட்டரிகள் போதும். இடைவெளியைச் சரிசெய்யத்தான் மூன்று நாள் பிடித்தது. அஞ்சலட்டைத் துண்டை நடுவில் வைத்து வளையத்தை வளைத்து, பிறகு அதை உருவிவிடுவது எளிய வழி. தொட்டியின் மறுமுனையில் ஒரு விரலால் மணலைத் தட்டினால் விளக்கு மினுங்கியது. மணலை நனைத்து இறுக்கியபோது இன்னும் மெல்லிய தட்டலுக்கே மினுங்கியது.

இந்த விளக்கிலிருந்து நாங்கள் எதிர்பாராத ஒரு பழக்கம் வெளிப்பட்டது. ஜூலையில் ஒருநாள் மண்டையை மட்டும் எடுத்துக்கொண்டு தேரிக்குப் போய்ப் புதைத்துவைத்தோம். ஆடிக்காற்று பனைமரங்களை உலுக்கிக்கொண்டிருந்தது; பனையடிக்கு அருகில் விளக்கு ஓயாமல் மினுங்கிக்கொண்டே இருந்தது, தட்டினாலும் தட்டாவிட்டாலும். அப்படியானால் காற்றுக் காலத்தில் முக்குளிக்குக் கரையானின் அசைவு எதுவும் கேட்காது. இரை தேட முடியாத விலங்கு என்ன செய்யும் என்று கேட்டபோது, "தூங்கிரும் சார்" என்றான் ஒருவன். அது சரியான விடை. நமீப் தங்க அகழெலியும் உடல் வெப்பத்தைத் தாழவிட்டுச் சோம்பிக் கிடந்து சக்தியைச் சேமிக்கக்கூடியது. எங்கள் விலங்கும் ஆனி, ஆடி மாதங்களில் பகலெல்லாம் உடல் குளிர்ந்து கிடந்து, காற்று ஓயும் பின்னிரவில் மட்டும் எழுகிறது என்று எழுதினோம். கிடக்கும் ஆழத்தையும் அளந்தே முடிவுசெய்தோம்: மே மாதத்தில் ஒரு பிற்பகல் 2 மணிக்கு ஆய்வக வெப்பமானி தேரியின் மேல்மணலில் 57 டிகிரியும், ஒரு முழ ஆழத்தில் 35 டிகிரியும் காட்டியிருந்தது.

பரம்பரை எது என்பதில் சிறிது வாக்குவாதம் நடந்தது. கங்காருவைப்போல வயிற்றுப்பை வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். பைம்மா அகழெலியின் பை, மணல் புகாதபடி பின்நோக்கித் திறக்கிறது, அழகான ஏற்பாடுதான். ஆனால் வயிற்றுப்பை விலங்குகள் இன்று நம் நாட்டில் இல்லை. அகழெலிகளும் இந்தியாவில் கிழக்கு இமயமலை, வடகிழக்கு மாநிலங்கள் பக்கம்தான் உண்டு. வீட்டு மூலைகளில் ஓடும் மூஞ்சூறின் தூரத்து உறவாக முக்குளியை வைத்துக்கொள்வதே பொருத்தமாகப் பட்டது: அதுவும் பூச்சி தின்னி, கண்பார்வை குறைந்தது, நீண்ட மூக்குடையது. மூஞ்சூறின் குட்டிகள் ஒன்றின் பின்பகுதியை ஒன்று கவ்விக்கொண்டு தாயின் பின்னால் தொடர்வண்டிபோலப் போவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். முக்குளிக் குட்டிகளும் மணலுக்குள் நீந்த வலுவில்லாத நாட்களில் இரவில் மேல்மணலில் அப்படித்தான் இடம் மாறுகின்றன.

அறை எங்கே அமையும் என்பதற்கு விடை மறுபடியும் அந்தப் பெரியவரிடமிருந்தே வந்தது. விழுந்த பனை ஒன்றைக் காட்டி, அதன் அடியில் விரல் கனத்தில் நூற்றுக்கணக்கான வேர்கள் நார்க்கூடைபோல மண்ணைக் கட்டிவைத்திருப்பதைத் தொட்டுக் காட்டினார். "இதுக்குள்ள மட்டும் மண்ணு உதிராது சார்வாள்" என்றார். ஆணிவேர் இல்லாத பனை, தன் அடியில் தானே ஒரு கூரை செய்து வைத்திருக்கிறது. எனவே முக்குளி குட்டி போடும் அறை பனைவேர்க் கூட்டத்துக்குள், மூன்று முழ ஆழத்தில் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியில் பனைநாரைப் பின்னி வேர்க்கூட்டம் செய்து, அதனடியில் அறை வைத்தபோது, மணல் காய்ந்த பிறகும் அது நின்றது. குட்டி போடும் காலம் ஐப்பசி. மழை விட்ட மாலைகளில் ஈசல் கிளம்பும். கீழே விழுந்து இறகு உதிர்த்த ஈசல்களும், மட்கிய பனையில் கிடக்கும் காண்டாமிருக வண்டின் புழுக்களும் பால்கொடுக்கும் தாய்க்குப் போதும். தண்ணீரைத் தனியாகக் குடிக்கத் தேவையில்லாத அளவுக்கு ஈரம் அவற்றிலேயே உண்டு.

ஆனால் ஈரக்காலத்தில் வழிகள் மூடாமல் நிற்பதால் வேறோர் இடர் வருகிறது. கோடையில் யாரும் பின்தொடர முடியாத விலங்கை, கார்த்திகையில் மண்ணுளிப் பாம்பு அதன் வழியிலேயே தொடர்ந்து வரலாம். இதற்கு விடையை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வாழும் கேடயவால் பாம்புகளிடம் எடுத்தோம். அவற்றின் வால்நுனி தட்டையாகவும் சொரசொரப்பாகவும் இருந்து மண்ணை ஒட்டிவைத்துக்கொண்டு, பின்னால் வழியை அடைக்கிறது. முக்குளியின் குட்டை வாலின் முனையிலும் அப்படி ஒரு தகடு வைத்தோம். பனைமட்டையின் அடிப்பத்தையிலிருந்து வட்டமாக வெட்டி, பசை தடவி, மேலே தேரி மணலைத் தூவி ஒட்டினோம்.

இப்போது மீதி இருப்பது பின்னங்கால். முன்கைகள் துழாவிக் கொண்டுவரும் மணலைப் பின்னே தள்ளுவதற்கு அது அகன்றிருக்க வேண்டும். ஆனால் அகலத்தை ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வைத்தால், காலை முன்னே கொண்டுவரும்போதும் அதே மணல் தடுக்கிறது. தள்ளும்போது விரிந்து, திரும்பும்போது மடங்கும் பாதம் வேண்டும். பழைய குடையின் விரியும் பொறியைச் சிறிதாக்கி ஒருமுறை செய்துபார்த்தோம், பதினைந்தாவது உதையில் கம்பி வளைந்துவிட்டது. அடுத்ததாக டியூப் ரப்பரில் விரலிடைச் சவ்வு வைத்து வெட்டிய துண்டுகள் மேசைமேல் கிடக்கின்றன. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அதைத் தொட்டியில் இறக்கிப் பார்க்க வேண்டும்.